பாபநாசத்துல எத்தனை அடி?

சங்கரன்கோவில்காரன் என்று சொன்னால் காலேஜில் மூன்று விதமான பதில் வரும். "ஆடித்தபசு ஊருல்ல?" "பிரியாணி நல்லா இருக்குமே!" "மல்லிப்பூ மார்க்கெட் உங்க ஊருதானே?" மூன்றும் சரிதான். நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை வெளியூர்க்காரர்கள் யாரும் கேட்பதில்லை. உங்க ஊருக்குத் தண்ணி எங்க இருந்து வருது?

எங்க பக்கம் பெரும்பாலும் மானாவாரி பூமி. வானம் பார்த்து விதைப்பார்கள். ஊருக்குள் விசைத்தறிச் சத்தம், ஊருக்கு வெளியே உடைமரம். வடக்கே கரிவலம்வந்தநல்லூர் பக்கம் நிட்சேப நதி என்று ஒரு ஆறு உண்டு. அதுவும் மேற்குத்தொடர்ச்சி மலையில் இருந்துதான் இறங்குகிறது, வைப்பாற்றோடு சேருகிறது. ஆனால் மழை நாலு நாள் அடித்தால் நாலு நாள் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல்தான். நான் அதில் நீந்தியதை விட கிரிக்கெட் விளையாடியதுதான் அதிகம்.

வீட்டில் போர் தண்ணி இருக்கிறது. குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. உப்பு. குடிப்பதற்கு வருவது தாமிரபரணி. அது எங்க ஊர் வழியாக ஓடவில்லை, குழாய் வழியாக வருகிறது. எங்க தெருவில் தண்ணி வரும் நாள் ஒரு குட்டித் திருவிழா. அம்மா குடம், அண்டா, தவலை, பக்கெட் எல்லாவற்றையும் வரிசை கட்டி வைத்துவிட்டு மோட்டார் சத்தத்தையும் தாண்டி பக்கத்து வீட்டு அத்தையிடம் ஊர்க்கதை பேசுவாள்.

அதனால் எங்க வீட்டில் பேப்பர் வந்ததும் தங்கம் விலைக்கு முன்னால் அணை மட்டம் பார்ப்பார்கள். திருநெல்வேலிப் பதிப்பு வாங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டம் தெரிந்திருக்கும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72 என்று மொத்தக் கொள்ளளவு உயரம் ஒரு பக்கம், இன்றைய மட்டம் ஒரு பக்கம். ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. காலையில் என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "பாபநாசத்துல எத்தன அடி கெடக்கு?" ஆனால் ஆச்சி பாபநாசம் அணையைப் பார்த்ததே இல்லை. நானும் மூன்றாம் வருஷம் சிவில் படிக்கும் வரை பார்த்ததில்லை.

மே மாதம் செமஸ்டர் முடிந்தது. நாங்கள் நாலு பேர். சிவில் நான். மற்ற மூவரும் மெக்கானிக்கல், இ.இ.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ். பெயர் வேண்டாம், டிபார்ட்மென்ட் பேரே போதும். குற்றாலம் போகலாம் என்றார்கள். மே மாதக் குற்றாலத்தில் பாறையைத்தான் பார்க்க வேண்டும். "காரையார் போலாம்லே, அங்க எப்பவும் தண்ணி கெடக்கும்" என்றான் மெக்கானிக்கல். அவன் மாமாவிடம் ஒரு ஆம்னி வேன் இருந்தது, மாமாவும் வந்தார். ஆகவே ரோடு ட்ரிப் தயார்.

காலை 5 மணிக்குக் கிளம்பினோம். வீரசிகாமணி, சேர்ந்தமரம், சுரண்டை வழி. அந்த நேரத்தில் ரோட்டில் பூ மூட்டை ஏற்றிய டூவீலர்களும் எங்களையும் தவிர யாரும் இல்லை. சுரண்டை தாண்டியதும் காற்றாலைகள். பாவூர்ச்சத்திரத்தில் டீ. காய்கறி மார்க்கெட் அதற்குள் பாதி வியாபாரம் முடித்திருந்தது. கடையத்தைத் தொடும்போது வலது பக்கம் மலை கிட்டத்தில் வந்துவிட்டது. பாரதியார் சுமார் இரண்டு வருஷம் இருந்த ஊர், செல்லம்மாள் பிறந்த ஊர் என்று மாமா சொன்னார். நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்க ஊரில் செம்மண்ணும் கரிசலும் முள்ளும். இங்கே தென்னை, வாழை, நெல் அறுத்த வயல். இடையில் சுமார் எழுபது கிலோமீட்டர்தான்.

விக்கிரமசிங்கபுரம் வந்ததும் மெக்கானிக்கல் எழுந்து உட்கார்ந்தான். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை கட்டியது பாபநாசத்தில் மலையில் இருந்து விழும் தண்ணீரின் விசையை நம்பித்தான். கரண்ட் வருவதற்கு முன்பே ஆறு மில்லை ஓட்டியிருக்கிறது. பிறகு 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. பைக்காரா, மேட்டூர் வரிசையில் அன்றைய சென்னை மாகாணத்தின் பழைய நீர்மின் நிலையங்களில் ஒன்று.

பாபநாசநாதர் கோயில் படித்துறையில் இறங்கினோம். மே மாத வெயிலில் தண்ணீர் இடுப்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பொரி போட்டால் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாய் பிளக்கும். சி.எஸ். அதை வீடியோ எடுத்துக்கொண்டே நாலு படி கீழே போனவன் சட்டென்று காலைத் தூக்கினான். காலைச் சுற்றி ஒரு சேலை.

உற்றுப் பார்த்தால் தண்ணிக்குள் படி தெரியவில்லை, துணிதான் தெரிந்தது. வேட்டி, சேலை, சட்டை, துண்டு. பரிகாரம் செய்ய, ஈமக் காரியம் செய்ய வருபவர்கள் குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை. கரையில் ஈரத்துணி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் மாமா பேச்சுக் கொடுத்தார்.

"தினமும் இவ்வளவு வருமாண்ணே?"

"அமாவாசைன்னா இதப்போல பல மடங்கு வரும். எடுக்க எடுக்கப் போடுதாங்க. பாறையில சிக்குனது பாதி, மீதி கீழ போயிருது."

கீழ போயிருது. கீழே யார் இருக்கிறார்கள் என்று நான் மனதுக்குள் வரிசை போட்டுப் பார்த்தேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும் வரை இந்த ஆறு சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்று வெள்ளைக்காரன் காலம், மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. சுமார் 86,000 ஏக்கரில் காரும் பிசானமும் இதை நம்பித்தான். குடிதண்ணி என்று எடுத்தால் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, அதைத் தாண்டி விருதுநகர் மாவட்டம் வரை குழாய் போகிறது. அந்தக் குழாய்களில் ஒன்றின் நுனியில் எங்க அம்மா குடத்தோடு நிற்கிறாள்.

கன்னடியன் கால்வாய் பற்றி மாமா ஒரு கதை சொன்னார். கன்னட தேசத்து ஆள் ஒருவருக்குப் பொன் கிடைத்ததாம், அதைக் கொண்டு கால்வாய் வெட்டச் சொன்ன அகத்தியர், ஒரு பசுவின் பின்னாலேயே போ, அது போகும் தடத்தில் வெட்டு என்றாராம். கதைதான். ஆனால் சர்வே வகுப்பில் உட்கார்ந்தவனுக்கு அது வெறும் கதையாகத் தெரியவில்லை. பசு மேட்டில் ஏறி இறங்காமல் சரிவை ஒட்டியே வளைந்து நடக்கும். கான்டூர் லைன் என்று நாம் பென்சிலால் போடுவதை அது காலால் போடுகிறது.

அங்கிருந்து மேலே வனத்துறை செக்போஸ்ட். வண்டியைச் சோதித்தார்கள். தண்ணி பாட்டில், சிப்ஸ் பாக்கெட், கேரி பேக் எல்லாம் கீழே இறங்கியது. சி.எஸ். முகம் சுருங்கியது. மாமா மட்டும் சிரித்தார். அவர் கொண்டு வந்திருந்த புளியோதரை எவர்சில்வர் தூக்குவாளியில் இருந்தது.

முதலில் அகத்தியர் அருவி. குற்றாலத்தில் ஒரு சொட்டு இல்லாத மாதத்தில் இங்கே ஆள் மேல் அடித்து விழுகிறது. பிறகு காட்டுக்குள் ரோடு. முண்டந்துறை தாண்டி சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும் இடம். நாங்கள் போன அன்று இருபது பேர் இருந்திருந்தால் அதிகம். பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகக் கட்டிய தோல் செருப்புகள் தொங்கின. காட்டில் காவல் நடக்கும் சாமிக்குச் செருப்புதானே தேவை.

கோயிலை ஒட்டி ஆறு. பாபநாசம் படித்துறையில் பார்த்த அதே ஆறுதான், ஆனால் அதே மாதிரி இல்லை. யானை யானையாகப் பாறை, பாறைக்கு நடுவே பச்சையும் கருப்புமாகத் தண்ணி, அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிறது. சத்தம் மட்டும் ஓயவே இல்லை. குளிக்கும் இடத்தில் இறங்கினோம். "முட்டுக்கு மேல போனா வண்டில ஏத்த மாட்டேன்" என்று மாமா கரையிலேயே நின்றுகொண்டார். கால் வைத்ததும் குளிர் முதுகெலும்பு வரை ஏறியது. மேலே 40 டிகிரி வெயில் காயும் மாதம் அது.

அவர் பயந்ததில் தப்பில்லை. இந்த ஆறு சாதுவாக இருப்பது அதற்கு மனசிருக்கும் வரைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். எத்தனை அணை கட்டினாலும் இது காட்டாறுதான்.

கடைசியாகக் காரையார். பேப்பரில் 'பாபநாசம்' என்று போடுகிற அணை இதுதான். சேர்வலாறு அணையில் இருந்து மலைக்குள்ளேயே சுரங்கம் வெட்டி இதோடு இணைத்திருக்கிறார்கள். கோடை என்பதால் தண்ணீர் இறங்கி, சுற்றிலும் பாறையில் வெளுத்த கோடு தெரிந்தது. ஆச்சி தினமும் கேட்கும் எண் அந்தக் கோட்டில் எங்கேயோ இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு அக்கரையில், எங்கள் கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள், பாணதீர்த்தம்.

சி.எஸ். வந்ததே பாணதீர்த்தத்துக்காகத்தான். முன்பு அணைக்குள் படகில் போவார்கள். மாமா கல்யாணமான புதிதில் அத்தையோடு போயிருக்கிறார். "அருவி முன்னால போட் திரும்பும்போது மொகத்துல சாரல் அடிக்கும் பாத்துக்கோ" என்று சொல்லும்போது அவர் குரலே மாறியது. பல வருஷமாகப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. அங்கிருந்த வனக்காவலரிடம் கேட்டதற்கு, "யானை நடமாட்டம் உண்டு தம்பி. வெள்ளமும் சொல்லிட்டு வராது" என்று முடித்துக்கொண்டார்.

"டிக்கெட் எடுத்துத்தானே போகப் போறோம்? காட்டையா தூக்கிட்டு வரப் போறோம்?" என்றான் சி.எஸ். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

முதலில், இந்த ஆறு ஏன் வற்றுவதில்லை? பொதிகைக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. ஆனால் மழை மட்டும் போதாது. மழை பெய்து முடிந்த பிறகும் ஆற்றில் ஓடுகிற தண்ணீருக்கு ஹைட்ராலஜியில் பேஸ் ஃப்ளோ என்று பேர். மண்ணுக்குள் இறங்கி, மெதுவாகக் கசிந்து, மாதக்கணக்கில் ஓடைக்கு வந்து சேரும் தண்ணீர். 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையைச் சுற்றி மேலே புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, கீழே அடர்ந்த பசுமைமாறாக் காடு. அங்கே விழும் மழை நேராகத் தரையில் அடிப்பதில்லை. இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, சருகு மெத்தையில் ஊறி, வேர் போன வழியே மண்ணுக்குள் போகிறது. நவம்பரில் பெய்த மழையை மே மாதம் வரை காடு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்கிறது. எங்க நிட்சேப நதிக்கு இவ்வளவு மழையும் இல்லை, பிடித்து வைக்க இவ்வளவு பெரிய காடும் இல்லை. அதனால் வந்த சம்பளம் நாலே நாளில் காலி.

143 அடி அணை நம் கண்ணுக்குத் தெரிகிறது, பேப்பரில் வருகிறது. அதற்கு மேலே இருக்கும் காடுதான் பெரிய அணை. அதற்கு அடிக்கணக்கு கிடையாது. முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டில் முதலாவது. 2016-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. புலிக்காகப் பூட்டிய காடு என்று நினைக்கிறோம். அந்தப் பூட்டுக்குக் கீழே எங்க வீட்டுக் குடமும் இருக்கிறது.

மனிதன் காலே படக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களால் காடு அழிந்துவிடவில்லை. ஆனால் காலையில் பார்த்த படித்துறையை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் திறந்திருந்த இடத்தில் படி தெரியாத அளவுக்குத் துணி. சோதனை போட்டு உள்ளே விட்ட இடத்தில் கூழாங்கல் தெரிகிறது. இரண்டுக்கும் இடையே ஆறு ஓடிய தூரம் ரொம்பக் குறைவு. நாம் போய்வந்தாலும் ஆறு கெடாது என்று படித்துறையில் காட்டிவிட்டு, அப்புறம் பாணதீர்த்தத்துக்கு டிக்கெட் கேட்கலாம். அதுவரை அந்தப் படகு கட்டியே கிடக்கட்டும். சி.எஸ். இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் இ.இ.இ. வேனுக்குள் ஒரு கணக்குப் போட்டான். திருநெல்வேலி கடல் மட்டத்தில் இருந்து 50 மீட்டர் உயரம்கூட இல்லை. சங்கரன்கோவில் 140 மீட்டருக்கு மேல். எங்க ஊர் தாமிரபரணி வடிநிலத்திலேயே இல்லை, வைப்பாற்றுப் பக்கம். ஆக, ஒரு ஆற்றின் தண்ணியை இன்னொரு ஆற்றின் ஊருக்கு மேடேற்றித் தள்ளுகிறார்கள். 1,000 லிட்டரை 100 மீட்டர் ஏற்ற, உராய்வும் பம்ப் நஷ்டமும் சேர்க்காமல், 0.27 யூனிட் கரண்ட் ஆகும். நிஜத்தில் இன்னும் கூட ஆகும். "மலையில இருந்து எறங்கும்போது நமக்குக் கரண்ட் குடுக்குது. உங்க ஊருக்கு ஏறும்போது கரண்ட் கேக்குது" என்றான். மலைமேல் ஓசியில் வந்த தண்ணி, எங்க தெருவுக்கு வரும்போது இவ்வளவு செலவு பண்ணி வருகிறது. அதில் ஒரு சேலையோ சாக்கடையோ கலந்தால், சுத்தம் செய்ய அதற்கு மேல் செலவு.

கிளம்பும்போது ஆச்சி ஒன்று கேட்டிருந்தாள். "ஒரு செம்பு தண்ணி கொண்டாலே, எப்படி இருக்குன்னு பாப்போம்." செம்புக்குப் பதில் ஸ்டீல் பாட்டிலில் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் பிடித்து வந்தேன். காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. ஒரு மடக்கு வாயில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து முழுங்கினாள்.

"மருந்து வாசமே இல்லையே" என்றாள். பிறகு, "இதத்தான் இங்க வரைக்கும் கொண்டு வாராங்களா?" மீதியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

இந்த லீவில் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் நாலு விஷயம். காலையிலேயே போங்கள், சாயங்காலத்துக்குள் காட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு தூக்குவாளியில் சோறு கட்டுங்கள். காவலர் காட்டும் இடத்தில் மட்டும் குளியுங்கள். வீட்டுப் பெரியவர்களோடு பரிகாரத்துக்குப் போனால், மாற்றிய துணியை ஒரு பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். பாவம் தண்ணியில் கரையுமா என்று எனக்குத் தெரியாது, துணி கரையாது. அந்தத் தண்ணியைத்தான் நாங்கள் குடிக்கிறோம்.